50 ஹெர்ட்ஸ் சுருதியில் ஓர் ஆல்பம்: தனியாளாக இருண்ட சிந்த்பாப் செய்வது

கேட்டிருப்பது இது. வீடு ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், மண்டபம் என்ற கடற்கரை ஊரில். கீபோர்டு ஓரளவு வாசிக்க வரும், பாடவும் வரும். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் இருக்கிறது, மேற்கொண்டு ₹40,000 செலவழிக்கலாம். அறிவியல் புனைகதைச் சாயலோடு, இருட்டாக, கண்ணை மூடினால் படம் ஓடுவது போன்ற ஒரு சிந்த்பாப் (சின்த் எனும் சிந்தசைசரை வைத்துச் செய்யும் பாப்) ஆல்பத்தை, தமிழில், யாரையும் சேர்க்காமல் முடிக்க முடியுமா? எங்கே சறுக்கும்?

முடியும். சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ஒன்பது பாட்டும் ஒன்பது ஊரில் நடப்பது போல் கேட்கும். லேப்டாப்பில் ஆயிரக்கணக்கில் பிரிசெட் (முன்பே செய்துவைத்த சத்தம்) கிடக்கிறது. பாட்டுக்குப் பாட்டு புதிது புதிதாக எடுத்துப் போட்டால் தனித்தனியாக எல்லாம் நன்றாகவே இருக்கும், சேர்த்துக் கேட்டால் கதம்பம். படம் ஓட வேண்டுமென்றால் கேட்பவர் ஒரே இடத்துக்குள் நாற்பது நிமிடம் இருக்க வேண்டும். கீழே சொல்லும் கணக்குகள் எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

இந்த வகைக்கு வேர் இரண்டு. ஒன்று 1979, 80 வாக்கில் பிரிட்டனில் வந்த குளிர்ந்த இயந்திரப் பாப். பாடகர் ஜான் ஃபாக்ஸ் தன் குழுவை விட்டு வந்து தனியாகச் செய்த 'மெட்டாமேட்டிக்' ஆல்பம் 1980-இல் வெளியானது. லண்டனில் ஒரு சின்ன 8 டிராக் ஸ்டுடியோவில் பதிவானது. ஏஆர்பி ஒடிசி சின்த், ரோலண்ட் சிஆர்-78 டிரம் மெஷின் போன்ற சில கருவிகளே அதன் உடம்பு. எட்டு டிராக் என்றால் தனித்தனியாகப் பதிய எட்டே தடம், எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும். அந்த வெறுமையே அதன் இருட்டு. இன்னொரு வேர் கிரேக்க இசையமைப்பாளர் வான்ஜெலிஸ் யமஹா சிஎஸ்-80 சின்த்தில் வாசித்த படப் பின்னணி இசை. அந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டையும் தன் மேல் விழும் அழுத்தத்தைத் தனித்தனியாக உணரும். விரலை அழுத்த அழுத்தச் சுரம் பிரகாசமாகித் தளர்த்தினால் மங்கும். தாளத்தையும் பேஸையும் முதல் வேரிலிருந்தும், மேலே மிதப்பவற்றை இரண்டாவதிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டுக்கு 12 டிராக்கைத் தாண்டுவதில்லை என்று எழுதி ஒட்டிவையுங்கள். பதின்மூன்றாவது தேவைப்படுகிறது என்றால் ஏற்கெனவே உள்ள ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்று பொருள்.

காசு

சின்த் வாங்க வேண்டாம். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், டெக்ஸெட் என்ற மென்பொருள் சின்த் மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன; ரிவெர்புக்கு (அறையின் எதிரொலி போன்ற எஃபெக்ட்) வல்ஹாலா சூப்பர்மாசிவ், அதுவும் இலவசம். பதிவு மென்பொருளாக ரீப்பர் இந்த லேப்டாப்புக்குப் பாரமில்லாமல் ஓடும், தனிநபர் உரிமம் 60 டாலர். இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) சுமார் ₹11,000, 25 அல்லது 32 கட்டை மிடி கீபோர்டு சுமார் ₹8,000, ஒரு டைனமிக் மைக் சுமார் ₹9,000, மூடிய ஹெட்ஃபோன் சுமார் ₹6,000. கண்டென்சர் மைக் இந்தக் கரையில் முதல் மைக்காக வேண்டாம். அறையைச் சரிசெய்யாத வீட்டில் அது பக்கத்து வீட்டுக் கோழி, தெரு மீன்காரர் குரல் வரை பிடிக்கும், உப்பு ஈரத்தில் சீக்கிரம் பொரியவும் தொடங்கும்.

சுருதி

இந்தப் பதிலில் ஒன்றையாவது செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்யுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மரின் இரும்பு அதற்கு இரட்டிப்பாக, 100 ஹெர்ட்ஸில் அதிரும். தெருமுனையிலும் ஐஸ் கம்பெனி வாசலிலும் இரவில் கேட்கும் அந்த 'ம்ம்ம்' அதுதான். அதைச் சுரமாகப் பார்த்தால் மேற்கத்திய ஜி (G) சுரத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. ஏ (A) சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான சுருதியில் கீழ் ஜி 49 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் ஜி 98. மின்சாரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் 35 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இந்த இடைவெளிதான் ஊர்ச் சத்தங்களைப் பாட்டோடு ஒட்டவிடாமல் உறுத்துவது.

ஊரைச் சுருதிக்கு இழுக்க முடியாது, ஆல்பத்தை ஊருக்கு இழுக்கலாம். எல்லா சின்த்திலும் மாஸ்டர் டியூனிங்கை 440-இலிருந்து 449 ஆக்குங்கள். அந்த வசதி இல்லாத சின்த்தில் ஆசிலேட்டரின் (சத்தத்தைப் பிறப்பிக்கும் பகுதி) ஃபைன் டியூனை 35 சென்ட் ஏற்றுங்கள். ஆல்பத்தின் ஆதார சுரம் ஜி. இப்போது கீழ் ஜி சரியாக 50, அடுத்தது 100, அதன் பஞ்சமமான டி ஏறத்தாழ 150. மின்சார இரைச்சலும் அதன் மேல் சுரங்களும் உங்களுக்குத் தம்புராவாகிவிடும்.

அதைப் பதிவு செய்ய டிரான்ஸ்பார்மர் வேலியைத் தாண்டவோ கம்பத்தைத் தொடவோ வேண்டாம். இரவு பதினொன்றுக்கு மேல் வேலிக்கு வெளியே நின்று ரெக்கார்டரை நீட்டினாலே போதும். இதைவிடச் சுத்தமாக வேண்டுமென்றால் தொலைபேசி பிக்கப் காயில் ஒன்றை மைக் உள்ளீட்டில் செருகி, வீட்டு அடாப்டருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள். காந்தப்புலத்தை அப்படியே பிடிக்கும். எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தால் அதன் பிக்கப்பே போதும். ஒவ்வொரு அடாப்டரும் ஒரு குரலில் முனகும். செல்போன் சார்ஜர் மட்டும் சீறும்.

சுருதியை மாற்றியதற்குக் கிடைக்கும் வட்டி, பேஸ் அரைச்சுரம் ஏறி ஏ ஃபிளாட்டுக்குப் போகும்போது தெரியும். அது இப்போது 53 ஹெர்ட்ஸ். அடியில் 50 ஓடிக்கொண்டிருக்க, இரண்டும் மோதி நொடிக்கு மூன்று முறை விம்மும். எந்த எஃபெக்ட்டும் போடாமல் வயிற்றைப் பிசையும் அந்த விம்மலை ஆல்பத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் எங்கே வரும் என்றால், இணையத்தில் எடுத்த லூப், நண்பர் அனுப்பும் புல்லாங்குழல், எல்லாவற்றையும் 35 சென்ட் ஏற்றிய பிறகே சேர்க்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் 'ஏதோ சரியில்லை' என்று இரண்டு நாள் தேடுவீர்கள்.

ஐந்து சத்தம்

பேஸ்: ஒரு சா அலை (saw, ரம்பப்பல் வடிவ அலை), அதே ஆக்டேவில் (ஸ்தாயியில்) மெலிதாக ஒரு ஸ்கொயர் (சதுர அலை). ஆக்டேவ் கீழே வைக்கச் சொல்லும் பாடங்களைப் பின்பற்ற வேண்டாம். 50-க்கு ஆக்டேவ் கீழே 25, சாதாரண ஸ்பீக்கர் எதுவும் பாடாது, மிக்ஸில் இடத்தை மட்டும் அடைக்கும். 24 டெசிபெல் லோ-பாஸ் ஃபில்டர் (மேல் அதிர்வுகளை வெட்டுவது), கட்-ஆஃப் (வெட்டு தொடங்கும் இடம்) 250 ஹெர்ட்ஸ், என்வலப் (சுரத்துக்குச் சுரம் வரும் ஏற்ற இறக்கம்) அதை 1,200 வரை தூக்கட்டும். டிகே (தணியும் நேரம்) 180 மில்லிசெகண்ட், சஸ்டெய்ன் (நிலைக்கும் அளவு) 25 சதவீதம், ரிலீஸ் (கட்டையை விட்டபின் மறையும் நேரம்) 60. மோனோ, கிளைடு (ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்குவது) 50. நூறு பிபிஎம்மில் (நிமிடத்துக்கு நூறு அடி) பதினாறாம் பங்கு (ஓர் அடியில் கால்) ஒவ்வொன்றும் 150 மில்லிசெகண்ட். சுரத்தின் நீளத்தை அதில் 70 சதவீதமாக வெட்டுங்கள். முழுசாக விட்டால் ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் ஏறிச் சேறாகும்.

பேட் (பின்னால் நீண்டு படரும் சத்தம்): இரண்டு சா, ஒன்று +8 சென்ட், மற்றது -8. கட்-ஆஃப் 700. அட்டாக் (எழும் நேரம்) ஒன்றரை நொடி, ரிலீஸ் 3 நொடி. மேலே கோரஸ் எஃபெக்ட் (சத்தத்தை இரட்டித்து அகலமாக்குவது). 1984-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106-இல் ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் ஆசிலேட்டர்தான். அதன் அகலம் பெரும்பாலும் கோரஸ் கொடுத்தது. ஆகவே ஏழு எட்டு சா அடுக்கத் தேவையில்லை. கட்-ஆஃப்பை 0.1 ஹெர்ட்ஸ் எல்எஃப்ஓவால் (காதுக்குக் கேட்காத மெதுவான அலை) மெல்ல அசையுங்கள். அது 10 நொடிக்கு ஒரு சுற்று, நூறு பிபிஎம்மில் நான்கு பார் (பதினாறு அடி) 9.6 நொடி. இரண்டும் சேராமல் நழுவிக்கொண்டே இருப்பதால் பேட் ஒரே மாதிரி திரும்பாது.

பிராஸ் (பித்தளை ஊதுகருவிச் சாயல்): சிஎஸ்-80 வழியில் இரண்டு சா, ஃபில்டர் மட்டும் அரை நொடி எடுத்துத் திறக்கும். வைப்ரட்டோ சுரம் தொடங்கி 800 மில்லிசெகண்டுக்குப் பிறகு, 5 ஹெர்ட்ஸ், 10 சென்ட் ஆழம். விலை குறைந்த கீபோர்டில் அழுத்தத்தை உணரும் வசதி இருக்காது. இடக்கையால் மாடுலேஷன் சக்கரத்தை உருட்டியபடி வலக்கையால் வாசியுங்கள், அல்லது வாசித்துவிட்டு இரண்டாவது சுற்றில் அதை மட்டும் பதியுங்கள். மவுசால் கோடு வரைந்தால் உயிர் வராது. கை தவறுவதில்தான் இந்தச் சத்தம் நிற்கிறது.

மணி: டெக்ஸெட்டில் இரண்டு ஆபரேட்டர் (ஒன்றையொன்று அசைக்கும் அலைகள்), ஒன்றின் விகிதம் 1, அதை அசைப்பதன் விகிதம் 3.5. முழு எண் இல்லாததால் உலோகம் தட்டியது போல் வரும். ஒரு பாட்டில் நான்கு முறைக்கு மேல் அடிக்காதீர்கள்.

தாளம்: கிக்கை ஜி-க்கு, அதாவது 50 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்யுங்கள். ஸ்னேர் மேல் கேட் ரிவெர்ப்: டிகே 1.2 நொடி வைத்து, கேட் 200 மில்லிசெகண்டில் வெட்டட்டும். ஹை-ஹேட் இல்லாமல் ஒரு பாட்டாவது செய்து பாருங்கள், இருட்டு இரட்டிப்பாகும்.

இந்த ஐந்தைத் தனி டெம்ப்ளேட்டாகச் சேமித்து, ஒன்பது பாட்டையும் அதிலிருந்தே தொடங்குங்கள். கட்-ஆஃப் மாறலாம், அட்டாக் மாறலாம், சத்தம் மாறக்கூடாது. ரிவெர்பும் ஆல்பம் முழுக்க ஒன்றே.

ஸ்கேல் பற்றி: இயல்பான மைனர் நமக்கு நடபைரவி, அதில் ரி-யைக் கீழிறக்கினால் தோடி. இரண்டும் கையில் இருப்பது வசதி, ஆபத்தும் அதுவே. கமகத்தோடு நான்கு சுரம் வாசித்தால் கேட்பவர் உடனே பழைய திரைப்பாட்டைத் தேடப் போய்விடுவார். சுரங்களை நேராக, அசைக்காமல் நிறுத்துங்கள். சறுக்கலைக் கிளைடுக்கு மட்டும் விடுங்கள். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறினாலும் பேஸ் ஜி-யிலேயே நிற்கட்டும். கார்டோடு பேஸும் ஓடுவதுதான் பாட்டைச் சாதாரணமாக்குகிறது.

தமிழ்ச் சொல்லும் இயந்திரக் குரலும்

ஆங்கில சிந்த்பாப்பின் மெட்டில் தமிழை நிரப்பினால் உடைவது குறில் நெடில். நீண்ட சுரத்தில் முதல் குறிலை வைத்தீர்களானால் 'அலை' ஆலையாகிவிடும், 'மலை' மாலையாகும், 'விடு' வீடாகும். கடலைப் பற்றிய பாட்டில் திடீரென்று நூற்பாலை வந்து நிற்பது யாருக்கும் நல்லதல்ல. முதல் குறிலுக்குச் சின்ன சுரம், நீட்டல் எல்லாம் நெடிலிலும் கடைசி அசையிலும். 'அலை மேல் ஓர் ஒளி' என்ற வரியில் 'அ' பதினாறாம் பங்கு. 'லை', 'மேல்', 'ஓர்' எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம். 'ஒ' மறுபடியும் சின்னது, 'ளி' நீண்டால் காது மன்னிக்கும். 'கடல்' போன்ற சொல்லில் 'ல்' மேலேயே நிற்கலாம். ல், ன், ம் மூன்றும் சின்த் போலவே ஒலிக்கும் மெய்கள், இந்த வகைக்குப் பொன்.

வோக்கோடர் (சின்த் சத்தத்தைக் குரல் போலப் பேசவைப்பது) சர்ஜ் எக்ஸ்டிக்குள்ளேயே எஃபெக்ட்டாக இருக்கிறது. அதற்குள் போகும் சின்த் சத்தம் சா அலையாக, ஃபில்டர் திறந்து இருக்க வேண்டும். மங்கலான பேடைக் கொடுத்தால் சொல் ஒன்றும் வெளிவராது. தமிழில் கூடுதலாக ஒரு தொல்லை: 'பட்டம்' என்பதில் 'ட்ட' என்பது ஒரு கண நேர மௌனம். வோக்கோடரின் ரிலீஸ் நீளமாக இருந்தால் அந்த மௌனம் நிரம்பி 'படம்' என்று கேட்கும். ரிலீஸை 30 மில்லிசெகண்டுக்குள் வையுங்கள். ல, ள, ழ மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகும், அதற்கு முழு மருந்து கிடையாது. அசல் குரலை 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 20 சதவீத அளவில் அடியில் கலந்தால் வல்லினங்கள் திரும்ப வரும். பொருள் தெரிய வேண்டிய வரிகளை வோக்கோடருக்குக் கொடுக்காமல், திரும்பத் திரும்ப வரும் பல்லவிச் சொல்லுக்கு மட்டும் கொடுப்பது இன்னும் நல்லது.

சாதாரணக் குரலை மைக்கிலிருந்து பத்து சென்டிமீட்டரில், சத்தம் போடாமல் பாடுங்கள். நடுவில் ஒன்று, அதே வரியைத் திரும்பப் பாடி இடத்திலும் வலத்திலும் 10 டெசிபெல் குறைவாக ஒவ்வொன்று. காப்பி எடுத்து ஒட்டினால் அகலம் வராது, திரும்பத்தான் பாட வேண்டும். கம்ப்ரஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) 3:1, டிலே 450 மில்லிசெகண்ட் (நூறு பிபிஎம்மில் புள்ளி வைத்த எட்டாம் பங்கு), ரிவெர்பின் ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி) 30. ப்ரீ-டிலே இல்லையென்றால் பாடுபவர் கிணற்றுக்குள் போய்விடுவார்.

கதை எங்கே நடக்கிறது

மழையில் நனைந்த நியான் நகரம் வேண்டாம். அதை நூறு பேர் செய்துவிட்டார்கள், உங்கள் கண்ணில் பட்டதும் இல்லை. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரம் தனியாக நிற்கிறது. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி, கப்பல் வந்தால் நேராக மேலே எழும்புகிறது. கமுதியில் 648 மெகாவாட் சோலார் தகடுகள் வெயிலைப் பார்த்துக் கிடக்கின்றன. தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலோடு ஒரே இரவில் ஊர் என்ற நிலையை இழந்தது. அந்தப் பக்கம் போனால் கைப்பேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்து, வெளிநாட்டுக்கு வரவேற்றுக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. நின்ற இடத்தில் நாடு மாறிவிட்டதாக ஓர் இயந்திரம் சொல்வதைவிட நல்ல முதல் காட்சியை அறிவியல் புனைகதைக்கு யார் தரப்போகிறார்கள்? பக்கத்து மாவட்டத்தில் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் வேறு நாட்டியாயிற்று.

இதில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணத்துக்கு: ஆளில்லாத கரையில் கோபுரம் மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருந்தால் யாரிடம் பேசும்? ஒன்பது பாட்டும் அந்தக் கோபுரத்தைச் சுற்றட்டும். வரிகளில் 'ரோபோ', 'விண்கலம்', 'கேலக்ஸி' எதுவும் வேண்டாம். 'அலைவரிசை', 'கம்பி', 'உப்பு', 'விளக்கு', 'தூக்கு', 'பதில் இல்லை' போன்றவை போதும். நான்கு சுர அடையாள இசை ஒன்றை முதல் பாட்டில் மெதுவாக வைத்து, ஐந்தாவதில் தலைகீழாக, கடைசியில் பாதி வேகத்தில் கொண்டுவாருங்கள். சினிமாத்தன்மை என்று சொல்வதில் பாதி இப்படித் திரும்பி வருவதுதான். வயலின் கூட்டம் சேர்த்து வாங்க முடியாது.

கரையில் சத்தம் எடுப்பது

காற்றுதான் எதிரி. தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில், சுமாராக மே முதல் செப்டம்பர் வரை, தென்கடல் கொதிக்கும், வடகடல் பக்கம் ஒப்பீட்டில் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இது மாறும். மண்டபத்தில் இருப்பவருக்கு இரண்டு கடலும் நடை தூரம். காற்றுக்கு மறுபக்கக் கரைக்குப் போங்கள். மைக்குடன் வரும் பஞ்சு உறை இந்தக் காற்றுக்குக் காணாது, நீண்ட முடி உள்ள செயற்கை ரோமத் துணியில் பை தைத்து மேலே மாட்ட வேண்டும். அப்போதும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் -12 டெசிபெல்.

வல்லத்தின் (நாட்டுப்படகு) ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் இலவச டிரம் மெஷின். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடினால் 400 வெடிப்பு. அதைப் பதினாறாம் பங்காக எண்ணினால் மிகச்சரியாக 100 பிபிஎம். நிஜத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஐந்து சதவீதம்வரை நீட்டிச் சுருக்கினால் காதுக்குத் தெரியாது. ஆல்பத்தின் வேகங்களை 100, 75 என்ற இரண்டில் நிறுத்தினால் அதே பதிவு இரண்டிலும் பொருந்தும்: 75-இல் நிமிடத்துக்கு 400 என்பது அடிக்கு ஐந்தும் மூன்றில் ஒன்றும் ஆவதால் மூன்று அடிக்கு ஒருமுறைதான் தாளத்தில் விழும், அந்தத் தள்ளாட்டம் நன்றாகவே இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகு பழுது பார்க்கும் சுத்தியல் சத்தம் அப்போது கிடைக்கும். ஐந்து அரைச்சுரம் இறக்கி ஸ்னேரின் அடியில் வைத்தால் கடையில் வாங்கிய சாம்பிள் எதுவும் கிட்டே வராது. 27 மில்லிமீட்டர் பீசோ தகடு (அதிர்வை மின்சாரமாக்குவது) ஒன்றைக் கிட்டார் உள்ளீட்டில் செருகி, படகின் பலகையிலோ இரும்புக் கேட்டிலோ ஒட்டினால் உள் அதிர்வு வரும். மைக் உள்ளீட்டில் செருகினால் தகர டப்பா போல ஒல்லியாகக் கேட்கும், தகட்டில் குறையில்லை, அதற்கு உயர் மின்தடை உள்ள உள்ளீடு வேண்டும்.

இடிந்த தனுஷ்கோடித் தேவாலயத்தில் எதிரொலி எடுக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். கூரையில்லாத சுவருக்குள் ரிவெர்ப் நிற்காது, மேலே போய்விடும். மாலைக்கு மேல் அந்தப் பக்கம் விடவும் மாட்டார்கள். அதற்குக் காலியான கருவாட்டுக் கிட்டங்கியோ மீன் ஏலக்கூடமோ கேட்டு வாங்குங்கள். ஒரு மூலையில் பலூனை உடைத்து, எதிர் மூலையில் பதியுங்கள். உடையும் கணத்திலிருந்து வெட்டி, வாலை மெல்ல அணைத்து, ரீப்பரின் ரியாவெர்ப் எஃபெக்ட்டில் ஏற்றி, சூப்பர்மாசிவுக்குப் பதிலாக ஆல்பம் முழுக்க வைத்தால் அந்தக் கிட்டங்கியே ஆல்பத்தின் அறை. மூன்று பலூன் உடையுங்கள், ஒன்றில் கண்டிப்பாக நாய் குரைக்கும்.

உச்சிப்புளி கடற்படைத் தளத்தைச் சுற்றிப் பதிவுக்கருவியோடு திரிய வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா, அனுமதியின்றி இறங்கக்கூடாது. பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாமல், கீழே கரையிலிருந்து ரயிலைப் பிடியுங்கள். தூரம் இருப்பதால் சத்தம் இன்னும் பெரிதாகத் தோன்றும்.

வீட்டில்

குரல் பதியும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். மின்வெட்டில் இன்வெர்ட்டரில் பதியப் போகிறீர்கள் என்றால் அது சைன் வேவ் தானா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் கொடுக்கும் முரட்டு இரைச்சல் மேல் சுரங்கள் வரை பரவும், பின்னால் எடுக்க முடியாது. சுருதி 50-இல் இருப்பதால் ஹம் மறைந்துவிடும் என்று குரலில் விட்டுவைக்காதீர்கள். கம்ப்ரஷன் போட்டதும் வரிகளுக்கு நடுவே எழுந்து வரும். தம்புராவுக்கு அதன் சொந்த டிராக் இருக்கிறது.

உப்புக் காற்று முதலில் தின்பது திருகு குமிழ்களையும் ஜாக் துளைகளையும். திருகும்போது கரகரவென்றால் குமிழின் அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரில் ஆக்சைடு; கான்டாக்ட் கிளீனர் துளி விட்டு இருபது முறை திருகுங்கள். மைக்கையும் இன்டர்ஃபேஸையும் மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம், புதிதாக வாங்க வேண்டியதில்லை. அந்த வாணலியில் பிறகு சமைக்காதீர்கள்.

மிக்ஸ்

ஐம்பது ஹெர்ட்ஸ் பேஸ் போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் அதில்தான் கேட்பார்கள். பேஸில் சாச்சுரேஷன் (லேசான ஒலிச்சிதைவு) கொஞ்சம் சேர்த்தால் 150, 200, 250-இல் மேல் சுரங்கள் எழும்; காது அவற்றிலிருந்து அடிச்சுரத்தைத் தானாகக் கற்பனை செய்துகொள்ளும். கிக்கும் பேஸும் இரண்டும் 50-இல் இருப்பதால் சைட்செயின் கட்டாயம்: 4:1, அட்டாக் 2, ரிலீஸ் 140 மில்லிசெகண்ட், கிக் அடிக்கும்போது பேஸ் 4 டெசிபெல் இறங்க வேண்டும். 120-க்குக் கீழ் எல்லாம் மோனோ. பேடில் 250 முதல் 300 வரை 3 டெசிபெல் குறையுங்கள், ரிவெர்ப் திரும்பி வரும் சேனலில் 220-க்குக் கீழ் வெட்டுங்கள். மிக்ஸ் கலங்கலாக இருக்கிறது என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த இரண்டு வெட்டும் போதும்.

மாஸ்டரில் (மிக்ஸ் முடிந்த இறுதிக் கோப்பில்) ட்ரூ பீக் (சத்தத்தின் உண்மையான உச்சம்) -1 டெசிபெல். ஸ்பாட்டிஃபை -14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாவற்றையும் சமப்படுத்துவதால் -8 வரை நசுக்கி ஒரு பயனும் இல்லை. ஆல்பத்தின் அமைதியான இடங்கள்தான் செத்துப்போகும். ஷேர் ஆட்டோவில் ஒருமுறை, பஸ்ஸில் ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

வெளியிடும் நாளுக்கு நான்கு வாரம் முன்பே விநியோகத் தளத்தில் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை பட்டியல்களுக்குக் கேட்பதானால் குறைந்தது ஏழு நாள் முன்னால் கேட்டிருக்க வேண்டும். அட்டைப்படம் 3,000 × 3,000 பிக்சல். அதற்கு முன் வெளியில் எடுத்த பதிவுகளையெல்லாம் ஒருமுறை தனியாகக் கேளுங்கள். டீக்கடை ரேடியோ, கோயில் கொடை ஒலிபெருக்கி, கந்தூரிப் பாட்டு ஏதாவது தூரத்தில் இரண்டு வரி கேட்டாலும் தானியங்கி உரிமைச் சோதனை பிடித்துவிடும். இரவில் ரேடியோவில் கேட்கும் இலங்கை வானொலி நிகழ்ச்சியும் அப்படியே. நிலையங்களுக்கு நடுவே உள்ள இரைச்சலை எடுங்கள், அது யாருக்கும் சொந்தமில்லை.

பாட்டுக்குப் பாட்டு அந்தத் தம்புரா அறுபடாமல் ஓட வேண்டுமென்றால் வெட்டும் இடத்தைக் கணக்காக வையுங்கள். ஐம்பது ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட், 48 கிலோஹெர்ட்ஸில் அது 960 சாம்பிள், 44.1-இல் 882. காயிலில் எடுத்த பதிவில் மின்சாரம் துல்லியமாக 50-இல் நிற்காமல் லேசாக அலையும். ஆகவே தம்புராவுக்கு அதிலிருந்து ஒரு சுற்றை வெட்டி லூப்பாக ஓட்டுவது பாதுகாப்பு. ஒவ்வொரு பாட்டின் நீளமும் அந்த எண்ணின் மடங்காக இருந்தால் அடுத்த பாட்டு அலையின் அதே புள்ளியில் தொடங்கும், 'டிக்' கேட்காது. எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே அனுப்புங்கள்; எம்பி3 கோப்பின் தலையிலும் வாலிலும் சில மில்லிசெகண்ட் மௌனத்தைச் சேர்த்துவிடும், தம்புரா அங்கே அறுந்துபோகும்.